மெட்டி விரல்

எங்கள் ஊரில் உடம்பைப் பார்த்துக்கொள்வது என்றால், காலை ஐந்தரைக்கு எழுந்து பெரிய கோயிலைச் சுற்றி நாலு சுற்று நடந்துவிட்டு, ஆறரைக்கு ரதவீதி முக்கில் நின்று சூடாக இரண்டு உளுந்தவடை தின்பது. நடந்ததற்கு வடை, வடைக்கு ஒரு டீ, டீயில் சீனி வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லிவிட்ட பெருமை. நாங்கள் ஆறு பெண்கள். ஐம்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள், தாண்டியதை ஒத்துக்கொள்ளாதவர்கள். கோபுர வாசலில் எந்நேரமும் ஒரு காற்று சேலையைப் பிடுங்கும். அந்த இடம் வந்ததும் எல்லோருக்கும் கால் தானாக நின்றுவிடும். "செத்த காத்து வாங்கிக்கிடுவோம்" என்பாள் ஒருத்தி. காற்றை வாங்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அப்புறம் வடை ஆறிவிடுமே என்ற கவலையில் கடைசிச் சுற்றை ஓட்டமாக முடிப்போம்.

எனக்குச் சர்க்கரை வந்து ஏழு வருஷம். அதைப் பற்றி அழுததில்லை. எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீட்டைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நான் சொல்ல வந்தது என் இடது காலின் இரண்டாவது விரலைப் பற்றி. பெருவிரலுக்குப் பக்கத்து விரல், மெட்டி போடுகிற விரல். போன வருஷச் சாரலில் அந்த விரல் நிற்குமா போகுமா என்று பதினொரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கெடுத்தது நான். கூட இருந்து கெடுத்தது, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு நம்பிக்கை.

நான் பத்திரம் எழுதுகிறவள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. நாள் முழுக்க அந்த நாற்காலியில் இருந்துகொண்டு ஊரார் நிலத்துக்கெல்லாம் வடக்கே யார், தெற்கே எது, கிழக்கே எந்த ஓடை என்று நான்கெல்லை எழுதுவேன். ஒரு அடி தப்பினால் இரண்டு குடும்பம் வெட்டிக்கொள்ளும் என்பதால் தப்பாமல் எழுதுவேன். என் உடம்புக்குத் தெற்கு எல்லை பாதம். அது கொஞ்சம் கொஞ்சமாக என் அனுபோகத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்ததை மட்டும் நான் எங்கும் எழுதவில்லை. மெத்தை மேல் நடப்பதுபோல் இருந்தது. நல்லதுதானே, தரை மெத்தென்று ஆகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

சர்க்கரை டாக்டர் ஒரு நாள் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நரம்பு மாதிரி ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே தொடுவார். தொட்டால் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். பாதி தெரியவில்லை. ஆனால் டாக்டர் ஒவ்வொரு தடவை குனியும்போதும் அவர் நாற்காலி 'கிறீச்' என்றது. கிறீச் சத்தம் கேட்டதும் "தெரியுது" என்றேன். பத்துக்கு ஒன்பது. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு நல்ல மார்க்கு வாங்கியதில்லை. டாக்டர் சந்தோஷப்பட்டார். யாரை ஏமாற்றினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. பரீட்சை என்றால் பாஸாக வேண்டும், அவ்வளவுதான்.

"இருந்தாலும் தினமும் சாயங்காலம் உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலன்னா ஒரு கண்ணாடியைக் கீழ வச்சுப் பாருங்க. பல்லு தேய்க்கிற மாதிரி அது ஒரு பழக்கமா வரணும்" என்றார்.

கண்ணாடி வாங்கினேன். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி கையில் கைக்கண்ணாடி கிடைத்தால் அது பாதத்துக்கா போகும்? முகவாயில் முளைத்திருந்த மூன்று முரட்டு முடிகளுக்குப் போயிற்று.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள்தான் ஓய்வு பெற்றார், பட்டாளம் இன்னும் அவரை விடவில்லை. போர்வையை மூலை பிசகாமல் மடிப்பார். எங்கும் போட்டுப் போகாத பூட்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் பாலிஷ் போடுவார். கண்ணாடி விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார்.

"இதுக்கு எதுக்குட்டி கண்ணாடி? பட்டாளத்துல துப்பாக்கிக்கு அடுத்து கால்தான். நடந்து வந்ததும் பூட்ஸக் கழத்தி வரிசையா ஒக்காருவானுக. ஒவ்வொருத்தன் பாதத்தையும் டார்ச் அடிச்சுப் பாப்பேன். கொப்புளத்த மறைச்சவனுக்குத் தண்டனை உண்டு, தெரிஞ்சுக்கோ. நீ சும்மா காலை நீட்டு, நான் பாக்கேன்."

"பொண்டாட்டி காலப் புருஷன் பிடிச்சுப் பாக்கதா? ஊரு சிரிக்கும்."

"ஊரு வந்து எட்டிப் பாக்கப் போவுதா?"

"நான் பாத்துக்கிடுவேன். நீங்க உங்க பூட்ஸப் பாருங்க."

பேச்சு அதோடு முடிந்தது. எனக்குக் கூச்சம் மட்டும் இல்லை. ஐம்பது வருஷம் செருப்பும் சேறுமாக ஓடிய கால், பித்தவெடிப்பு வயல் வரப்பு மாதிரி இருந்தது. அதை ஒரு ஆண் பிள்ளையிடம், அதுவும் கட்டினவரிடம் காட்டுவதற்கு எங்களை யாரும் வளர்க்கவில்லை. கண்ணையும் கழுத்தையும் காட்டலாம். உள்ளங்காலா?

ஆனி பாதியில் மேற்கே மலையைக் காணோம். காலையில் இருந்தது, மத்தியானம் யாரோ ஈரத் துண்டால் துடைத்துவிட்டது மாதிரி இல்லாமல் போயிற்று. அப்புறம் சாரல். மழையென்று சொல்ல முடியாது. மழை விழும், சாரல் விழாது, காற்றில் சும்மா நின்றுகொண்டிருக்கும். நாம்தான் அதற்குள் நடந்து போய் நனைய வேண்டும். துணி காயாது, அப்பளம் பொரியாது, பத்திரப் பேப்பர் வதங்கிப் பிரிண்டரில் சிக்கும், யாருக்கும் கோபம் வராது. தென்காசிக்காரனுக்கு வருஷத்தில் இரண்டு மாசம்தான் நல்ல குணம்.

சாரல் பிடித்தால் எங்கள் நடை தானாக ரத்தாகும். நடப்பதற்குப் பதில் குற்றாலம். ஆறு பெண்களும் ஒரு ஆட்டோவில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக, விடிவதற்கு முன் பெரிய அருவிக்குப் போய்விடுவோம். தலைக்கு வைத்த எண்ணெய் வழியில் ஊறும். செருப்பைத் தூரத்தில் ஒரு ஓரமாகக் குவித்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கத்துக்குள் நுழைந்தால், அடுத்த அரைமணி நேரம் யாரும் யாருக்கும் மனைவி இல்லை, அம்மா இல்லை. தண்ணீர் உச்சந்தலையில் அடிக்கும்போது ஒரு பொம்பளை போடுகிற கூச்சலை அவள் வீட்டு ஆட்கள் கேட்டால் பயந்துபோவார்கள். எனக்கு அந்தக் கூச்சல் வேண்டும். வருஷம் முழுக்கக் கிரயம் பெறுபவர், கிரயம் கொடுப்பவர் என்று அடுத்தவர் குரலிலேயே எழுதிய வாய்க்கு அது ஒன்றுதான் சொந்தக் குரல்.

பெண்கள் பக்கத்தில் தண்ணீர் மட்டும் விழுவதில்லை. கொண்டை ஊசி விழும், ரப்பர் வளையம் விழும், சமயத்தில் கம்மலே விழும். முக்கியமாக ஊக்கு. சேலையிலும் தாவணியிலும் தாலிக்கயிற்றிலும் ஊக்கு குத்தாத பொம்பளை எங்கள் ஜில்லாவில் இல்லை. அருவி அடிக்கிற அடியில் அது திறந்து, கழன்று, பாறையிடுக்கில் போய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

போன வருஷம் முதல் தடவை போன அன்றைக்குக் குளித்துவிட்டு நேரே பரோட்டாக் கடை. அருவியில் குளித்த நாளில் தின்பது உடம்பில் ஒட்டாது என்பது எங்கள் பக்கத்து மருத்துவம். மூன்று பரோட்டா, சால்னா, மிளகு போட்ட நாட்டுக்கோழி. விடிந்தும் விடியாத வேளையில். வீட்டுக்கு வந்து மாத்திரையும் போட்டேன். நான் ஒழுக்கமானவள்.

அடுத்த நாள் வீட்டுக்குள் நடக்கும்போது மொசைக் தரையில் 'டிக்' என்று ஒரு சத்தம். இடது கால் வைத்தால் டிக். வலது கால் வைத்தால் ஒன்றுமில்லை. பூட்ஸ் சத்தத்திலேயே ஆளைச் சொல்லுகிறவர் விடுவாரா? பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "ஏளா, மெட்டி லூசாயிருச்சு போல. ஆசாரிகிட்டக் குடுத்து நெருக்கச் சொல்லு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு நாள் டிக் டிக்கென்று நடந்தேன். அடுப்படிக்கு டிக், வாசலுக்கு டிக். கேட்கக் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது. புதுப்பெண் நடமாடுவது மாதிரி.

மூன்றாம் நாள் குளியலறையில் கால் துடைக்கும்போது துண்டின் நூல் எதிலோ மாட்டி இழுத்தது. அப்போதுதான் கண்ணாடியை எடுத்துத் தரையில் வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். மெட்டி விரலுக்கு அடியில், சதைக்குள்ளிருந்து ஒரு ஊக்கின் தலை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அதைத் தரையில் தட்டிக்கொண்டுதான் நான் புதுப்பெண்ணாக நடந்திருக்கிறேன்.

பிடித்து இழுத்தேன். வந்தது. பாதி விரல் நீளம் உள்ளே இருந்திருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம், கொஞ்சம் மஞ்சளாக ஒரு நீர். வலிக்கவில்லை. வலிக்கவே இல்லை. பிறத்தியார் காலிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து, அந்த ஊக்கைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தேன். நல்ல ஊக்கு. இன்னும் வேலை செய்தது.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்றே டாக்டர், அதோடு இந்த வருஷ அருவி போச்சு, கூடவே "நான் பாக்கேன்னு சொன்னேன்லா" என்ற சொல்லைச் சாகும்வரை கேட்க வேண்டும். கூட நடக்கிற ஜவுளிக்கடை அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா வீட்டில் ஜவுளிக்கடை. துணியை விட வைத்தியம்தான் அவளிடம் அதிக ரகம் இருக்கும்.

"ஏட்டி, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? மருந்து அங்கன மலையிலருந்து கொட்டுது. மூலிகைத் தண்ணி. அஞ்சு நாள் விடாம அருவியில காலக் காட்டு, ஆறாம் நாள் புண்ணு இருந்த எடம் தெரியாது."

"டாக்டர்ட்ட காட்ட வேண்டாமா அக்கா?"

"காட்டு. அவுக சீட்டு எழுதுவாக. அருவி என்ன எழுதிக் கேக்கவா செய்யுது? ஒனக்கு வலிக்குதா?"

"வலிக்கல."

"பெறகென்ன? வலிக்காத புண்ணுக்கு எவளாவது வைத்தியம் பாப்பாளா?"

இன்றைக்கு எழுதும்போது அது எவ்வளவு கூறுகெட்ட பேச்சு என்று தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. அந்தத் தண்ணீரில் மூலிகை இருக்கிறது என்று தென்காசியில் சந்தேகப்படுகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். ஐந்து விடியற்காலை போனேன். முதல் நாள் அக்கா துணைக்கு வந்தாள். அடுத்த நாலு நாளும் நான் மட்டும், சாரலானாலும் நடையை விடக் கூடாதாம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு. வழுக்குப் பாறையில் ஓரமாக உட்கார்ந்து, தெறித்து ஓடுகிற தண்ணீரில் இடது காலை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் யார் யாரோ சோப்பு நுரையைக் கழுவினார்கள், பிள்ளைக்குக் கால் கழுவினார்கள். அது எல்லாம் என் மூலிகை வழியாகத்தான் போயிற்று.

நாலாம் நாள் விரல் வீங்கி மெட்டி பதிந்துவிட்டது. ஐந்தாம் நாள் வீட்டிலும் சாக்ஸ் போட்டுக்கொண்டேன். சாரல் குளிர் என்றேன். அவர் நம்பினார்.

அன்று சாயங்காலம் விளக்குப் போடும் நேரம். ஹாலில் உட்கார்ந்து பத்திர நகல் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் மூக்கைச் சுளித்தார்.

"எலி செத்துக் கெடக்கு."

"எங்க?"

"இங்கனதான். வாடை வருது."

பட்டாளத்துக்காரர் எலி தேடுவதை நீங்கள் பார்த்ததில்லை. டார்ச்சை எடுத்தார். பிரிட்ஜை நகர்த்தினார். பீரோவுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சோபாவைக் கவிழ்த்தார். நான் மெதுவாக எழுந்து அடுப்படிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அடுப்படிக்கு வந்தார். "இங்கனயும் இருக்கு." கேஸ் சிலிண்டரை நகர்த்தினார். நான் படுக்கையறைக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் வந்தார். வாசலில் நின்று ஒரு தரம் மூச்சை இழுத்தார். டார்ச் கட்டிலுக்கு அடியில் போய், மேலே ஏறி, என் சேலைக்கரை வழியாகக் கீழே வந்து, சாக்ஸில் நின்றது.

டார்ச்சை அணைத்துக் கட்டிலில் வைத்தார்.

"காலைக் காட்டு."

"வேண்டாம்."

"காட்டுட்டி."

"நீங்க தொடக் கூடாது. சொன்னாக் கேளுங்க. பாவம்."

"பட்டாளத்துல எத்தன பய கால மடியில தூக்கி வச்சுப் பாத்திருப்பேன். அவனுக எல்லாம் எனக்கு என்ன வேணும்? நாப்பது மைலு நடந்தவன் கால். நீ எனக்குச் சோறு பொங்கிப் போட்டு இருவத்தாறு வருசம் நடந்திருக்க."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த மனுஷன் கோயிலில்கூட அவ்வளவு சுலபத்தில் தரையில் உட்கார மாட்டார், முட்டி பிடிக்காது. என் காலைத் தூக்கி மடியில் வைத்தார். சாக்ஸை உருவினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அவர் கை தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் விரல் என் உள்ளங்காலில் இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கணுக்காலுக்கு மேலே வந்ததும் சட்டென்று சூடாகத் தெரிந்தது.

"எத்தன நாளா?"

சொன்னேன். ஊக்கு, டிக் சத்தம், அருவி, ஐந்து நாள். "அருவியா?" என்றார். அப்புறம் கேட்டார்: "எந்த அருவி?" அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

எழுந்து போய் கட்டிங் பிளேயரோடு வந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"மெட்டியக் கழத்தக் கூடாது. நீங்க இருக்கப்பவே..."

"நான் எங்கயும் போகலட்டி. வெரல்தான் போய்க்கிட்டு இருக்கு. மெட்டி அதத் தூக்குல போட்டிருக்கு. சும்மா இரு."

வெள்ளி 'டக்' என்று இரண்டாகப் பிரிந்தது. கட்டின கையே கழற்றியது. அதற்கு எந்தச் சாஸ்திரத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அடுத்த பத்தாவது நிமிஷம் பைக்கின் பின்னால் இருந்தேன்.

டாக்டர் பார்த்தார். அருவி என்றதும் நிமிர்ந்தார். "அந்தத் தண்ணியில மூலிகை இருக்கோ இல்லையோ, உங்களுக்கு மேல நின்னு குளிச்ச அத்தனை பேரும் இருக்காங்க" என்றார். என்ன ஆகும் என்று அவர் கேட்டார், என் வீட்டுக்காரர். "எலும்புக்கு இறங்கலன்னா விரல் நிக்கும். இறங்கியிருந்தா விரலை எடுக்கணும். பத்துப் பன்னிரண்டு நாள்ல தெரியும்."

அந்தப் பதினொரு நாள்தான். ஊசி, குளுக்கோஸ், காலையும் மாலையும் கட்டுப் பிரித்துக் கட்டுவது. கட்டுக் கட்டுகிற சிஸ்டர் செங்கோட்டைக்கு அப்பால். பாதி மலையாளம். புண்ணைத் திறக்கும்போது "சேச்சி, அங்கோட்டு நோக்கண்டா" என்று என் முகத்தை அந்தப் பக்கம் திருப்புவாள். நான் பார்க்க மாட்டேன். அவர் பார்ப்பார். சிஸ்டருக்கு ஓரடி பின்னால் விறைப்பாக நின்று பார்த்துவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எனக்குச் செய்தி சொல்வார். "இன்னைக்குச் செவப்பா இருக்கு. செவப்பு நல்லது." "இன்னைக்கு நுனி மட்டும் கொஞ்சம் ஊதா." என் விரலின் நிறத்தை வைத்தே அந்த நாட்கள் ஓடின. இருபத்தாறு வருஷத்தில் என் மூஞ்சியை இவ்வளவு கவனமாக அவர் பார்த்தது கிடையாது. சொல்லியும் காட்டினேன். "மூஞ்சி அவ்வளவு சீக்கிரம் கெடாதுட்டி" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஜவுளிக்கடை அக்கா ஆப்பிளோடு வந்தாள். கட்டிலின் கால்மாட்டைப் பார்க்காமல் தலைமாட்டிலேயே நின்றாள்.

"நீ எந்த அருவிக்குப் போன?"

"பெரிய அருவிதான். மொத நாளு நீங்களும்தான வந்திய."

"அட கூறு கெட்டவளே! நான் வந்தது குளிக்க. புண்ணுக்குப் பெரிய அருவியா சொன்னேன்? அஞ்சருவித் தண்ணிதான் புண்ணுக்கு. பெரிய அருவி பைத்தியத்துக்கு."

"அப்பம் சரியான எடத்துக்குத்தான் போயிருக்கேன்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். ஆப்பிளை நறுக்கி எனக்குத் தராமல் தானே தின்றாள், பதற்றத்தில். ஒரு ஆப்பிளும் மிச்சமில்லை.

பதினொன்றாம் நாள் அவர் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. கட்டுப் பிரித்த பிறகு அங்கேயே நின்றார். "என்ன நெறம்?" என்றேன். அவர் சிஸ்டரைப் பார்த்தார். நானே எழுந்து பார்த்தேன். விரல் கருப்பாக இருந்தது. அழுகிய கருப்பு இல்லை. காய்ந்து போன முருங்கைக்காய் நுனி மாதிரி ஒரு சாதாரணக் கருப்பு.

"இப்ப எடுத்தா ஒரு விரல். தள்ளிப் போட்டா எதுவரைக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

கையெழுத்துப் போட ஒரு தாள் கொண்டுவந்தார்கள். நோயாளியின் காலில் தேவைப்படும் பகுதியை அகற்றச் சம்மதம் என்று அச்சடித்திருந்தது. என்னிடமா இப்படிப்பட்ட பத்திரத்தைக் கொண்டுவருவது? "தேவைப்படும் பகுதின்னா எது? இதுல எடது கால்னு கூட இல்ல" என்றேன். சிஸ்டரிடம் பேனா வாங்கி, கோடு போட்டு மேலே எழுதினேன்: இடது பாதத்தின் இரண்டாவது விரல் ஒன்று மட்டும். அதற்கு எல்லையாவது, ஒரு பக்கம் பெருவிரல், மறுபக்கம் நடுவிரல், பின்னால் பாதம், முன்னால் யாருக்கும் சொந்தமில்லாத காற்று. அந்தக் கடைசி வரியை டாக்டர் அடிக்கச் சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை.

எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் யாரோ அவரிடம் விரல் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். சில குடும்பங்கள் கொண்டுபோய்ப் புதைப்பார்களாம். "நாங்க எல்லாத்தையும் மொத்தமா வாங்கிக்கிடுதோம், இப்பம் அவசரமில்ல" என்று சொல்லியிருக்கிறார். இந்த விகடம் அவருக்குள் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபின் வேடிக்கை வேறு மாதிரி. இருந்தபோது ஊக்கு ஏறியும் தெரியாத விரல், இல்லாமல் போனபின் அரிக்கிறது. சொறியக் கையை நீட்டினால் அங்கே இடம்தான் இருக்கிறது. பார்க்க வந்த உறவுக்காரிகள் எல்லோருக்கும் ஒரே கவலை, மெட்டியை இனி எங்கே போடுவது. ஒருத்தி வலது காலில் மட்டும் போட்டால் போதும் என்றாள். இன்னொருத்தி நடுவிரலில் போடலாம் என்றாள். புண்ணைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. "மெட்டி போட ஆளு இருக்காருல்லா, வெரல் இல்லாட்டா என்ன?" என்று நான் சொன்ன பிறகு அடங்கினார்கள்.

டாக்டர் ஒரே ஒரு விதி போட்டார். இனி ஒரு நிமிஷம்கூட வெறுங்கால் கூடாது, வீட்டுக்குள்ளும். மூன்று ஜோடி செருப்பு வந்தது. வெளியே போக ஒன்று, வீட்டுக்குள் ஒன்று, மூன்றாவது தினமும் கழுவிக் காயவைத்து சாமி அறைக்கு மட்டும். எது எதற்கு என்று மாறிவிடக் கூடாதென்று அவரே பெயிண்டால் புள்ளி வைத்தார்.

புரட்டாசிச் சனிக்கிழமை நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை, கடையத்தில் கட்டிக்கொடுத்தது. சுத்தபத்தத்தில் ஆள் ரொம்பக் கெட்டி. நான் சாமி அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றவள், என் காலைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போய்விட்டாள்.

"மைனி! சாமிக்கு முன்னால செருப்பா?"

"ஆமா. புதுசு. கழுவினது."

"செருப்பு செருப்புதான மைனி. கால் போனாலும் நான் போட மாட்டேன்."

"நானும் இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அண்ணன் ஒண்ணுஞ் சொல்லலியா?"

"ஒங்க அண்ணன்தான் வாங்கிட்டு வந்தாரு. வேணும்னா அவர்ட்ட போயிச் சண்ட போடு. சாமி இன்னைக்கு வரைக்கும் கீழ குனிஞ்சு பாக்கல."

அவள் கோபத்தில் ஹாலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். விளக்கை ஏற்றிவிட்டு நானும் போனேன். காப்பி கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல் கேட்டாள். எப்போதிருந்து என்றேன். இரண்டு வருஷமாச்சு, மாத்திரை ஒன்றும் இல்லை, காலையில் பாகற்காய்ச் சாறு, சாயங்காலம் வெந்தயம் என்றாள். பேசிக்கொண்டே வலது காலை இடது கால் மேல் வைத்துத் தேய்த்தாள். எடுத்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"எரியுதா?"

"சீச்சீ. கொசு."

"மெத்த மேல நடக்க மாதிரி இருக்கா?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். எனக்கு அந்த இழுப்பு நன்றாகத் தெரியும்.

டார்ச்சை எடுத்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தேன், அவளுக்கு நேர் எதிரே. பதறிப் போனாள்.

"எந்திரிங்க மைனி. நீங்க மூத்தவுக, என் காலத் தொடக் கூடாது. பாவம்."

"பாவத்த நாளைக்குப் பாத்துக்கிடலாம். சேலையத் தூக்கு."

"அய்ய, வெடிப்பா இருக்கும் மைனி. வெக்கமா இருக்கு."

"வரப்பு மாதிரி இருக்குமா?"

"அதவிட மோசம்."

"நல்லது. நீட்டு."

அவள் நீட்டவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. வெளியே அவர் பைக்கை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கும் போல. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது காலை என் மடியில் வைத்தாள்.